கோட்டா: எத்தனை என்று கேட்ட சொல்



இரட்டைமலை சீனிவாசனாரை நினைவுகூரக் கூடியிருக்கும் இந்த அவையில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறோம். அது நம் மொழியில் பிறந்த சொல் இல்லை. ஆனாலும் நம்மில் கல்லூரி வாசலை மிதித்த எல்லோர் காதிலும் அது ஒருமுறையாவது விழுந்திருக்கும். விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் ஊர் எது, பள்ளி எது, கட்-ஆஃப் எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பான்: "கோட்டாவா?"

கேட்பது ஒற்றைச் சொல். அதற்குள் நீ என்ன சாதி என்ற விசாரணை இருக்கிறது. நீ இங்கே வந்தது உன் தகுதியால் இல்லை என்ற தீர்ப்பும் இருக்கிறது. நம்மில் சிலர் பதில் பேசாமல் தலையைக் குனிந்திருக்கிறோம். சிலர் "இல்லப்பா, நான் ஓப்பன்ல வந்தேன்" என்று அவசரமாகச் சொல்லித் தப்பித்திருக்கிறோம். இரண்டிலுமே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம்: கோட்டா என்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று.

அந்த வெட்கத்தைப் பற்றியதுதான் இந்த உரை. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருளில் வழங்கியது, யார் யார் கையில் எப்படி எப்படி மாறியது என்று நிதானமாகப் பார்ப்போம். வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது அதன் பிறகு தானாக விளங்கும்.

யாரும் கேலி செய்யாத கோட்டாக்கள்

முதலில் நம்மைச் சுற்றிப் பார்ப்போம். தமிழில் இந்தச் சொல் புழங்காத இடமே இல்லை. "இன்னைக்கு என் கோட்டா முடிஞ்சிருச்சு" என்று இரண்டாவது டீயோடு நிறுத்திக்கொள்கிறவர் சொல்கிறார். ரேஷன் கடையில் இந்த மாதக் கோட்டா வந்துவிட்டதா என்று கேட்கிறோம். ரயிலில் தட்கல் கோட்டா இருக்கிறது. எமர்ஜென்சி கோட்டா இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் நூறாவது ஆளாக நாம் நின்றுகொண்டிருக்கும்போது, எம்.பி. கடிதத்தோடு வந்தவருக்கு எமர்ஜென்சி கோட்டாவில் படுக்கை கிடைத்துவிடுகிறது. அவரை யாரும் "கோட்டா" என்று கூப்பிடுவதில்லை.

தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு கலந்தாய்வுக்குத் தரும் இடங்கள் போக மீதி எல்லாம் மேனேஜ்மென்ட் கோட்டா. சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரி 65 விழுக்காட்டை அரசுக்குத் தர வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி 50 விழுக்காட்டைத் தர வேண்டும். மிச்சத்தைப் பணம் நிரப்புகிறது. வெளிநாட்டு இந்தியர் கோட்டா என்று 15 விழுக்காடு வரை ஒதுக்கிக்கொள்ளலாம் என்று 2005இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. குறைந்த மதிப்பெண்ணோடு, நிறையப் பணத்தோடு அந்த வழியில் உள்ளே வந்து டாக்டராகிறவரின் கையால் ஊசி போட்டுக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. தகுதி செத்துவிட்டது என்று அப்போது யாரும் ஊர்வலம் போவதுமில்லை.

மாநிலங்களவைக்கும் இதே சொல்தான். 234 உறுப்பினர் கொண்ட நம் சட்டமன்றத்திலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் வெல்ல 34 வாக்குகள் வேண்டும். 234ஐ ஆறோடு ஒன்று கூட்டி ஏழால் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் கிடைக்கும் எண் அது. தேர்தல் நடத்தை விதிகளில் அந்த எண்ணுக்குப் பெயரே கோட்டாதான். ஆக, டெல்லியில் உட்கார்ந்து நம் தகுதியைப் பற்றிப் பேசும் மாநிலங்களவை உறுப்பினர்கள் ஒரு கோட்டாவை எட்டித்தான் அங்கே போயிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. ராஜஸ்தானில் உள்ள கோட்டா நகரம் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பேர்போனது. லட்சக்கணக்கில் செலவழித்துப் பிள்ளையை அந்தக் கோட்டாவுக்கு அனுப்பிவிட்டு, இந்தக் கோட்டாவைத் திட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பயிற்சி தகுதியாகிவிடுகிறது. சட்டம் தந்த இடம் சலுகையாகிவிடுகிறது.

ஒரே சொல் இத்தனை இடங்களில் சாதுவாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் வசையாகிறது. அப்படியானால் வசை சொல்லில் இல்லை. யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதில் இருக்கிறது.

எத்தனையாவது பங்கு?

சொல்லின் மூலத்துக்கு வருவோம். இலத்தீன் மொழியில் 'க்வோட்' என்றால் 'எத்தனை'. அதிலிருந்து வந்தது 'க்வோட்டுஸ்'. அதற்கு 'எத்தனையாவது' என்று பொருள். இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கேட்க முடியாமல் சுற்றிவளைக்க வேண்டியிருக்கும். தமிழிலோ நம் பாட்டி பேரனிடம் "நீ எத்தனாவது படிக்கிற?" என்று சாதாரணமாகக் கேட்கிறாள். ஆகவே இந்தச் சொல்லின் மூலப்பொருள் ஆங்கிலேயரைவிட நமக்கு எளிதாகப் புரியும்.

'க்வோட்டா பார்ஸ்' என்றால் 'எத்தனையாவது பங்கு' என்பது பொருள். பத்தில் ஒன்றா, பன்னிரண்டில் ஒன்றா, இருபதில் ஒன்றா? மொத்தத்தில் இவருக்குரியது எத்தனையாவது கூறு? காலப்போக்கில் 'பங்கு' என்று பொருள்படும் 'பார்ஸ்' உதிர்ந்துபோய், 'எத்தனையாவது' என்ற கேள்வி மட்டும் நின்றது. இடைக்கால இலத்தீனில் அதுவே பெயர்ச்சொல்லாகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

இதன் உறவுச் சொற்களும் நமக்குத் தெரிந்தவைதான். வகுத்தல் கணக்கில் ஈவு என்று படித்தோமே, அதற்கு ஆங்கிலத்தில் கோஷன்ட்; ஓர் எண்ணுக்குள் மற்றோர் எண் எத்தனை முறை போகிறது என்பதே அது. மேற்கோளைக் குறிக்கும் 'கோட்' என்ற சொல், பழைய நூல்களின் பகுதிகளுக்கு எண்ணிட்டு அடையாளம் வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. எல்லாவற்றின் அடியிலும் எண்ணிக்கை இருக்கிறது. 'எத்தனை' என்ற கேள்வி இருக்கிறது.

நாம் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான். கோட்டா என்பது பிறப்பிலேயே ஒரு கேள்விச் சொல். அதில் இரக்கமும் இல்லை, இழிவும் இல்லை. மொத்தம் எவ்வளவு, அதில் இவருக்கு எவ்வளவு என்று கேட்பதுதான் அதன் வேலை.

வாங்குவதற்கு முன் கொடுத்தது

ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் ஏழைகள் இல்லை. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய பொருள், ஒருவர் பெற வேண்டிய பங்கு அன்று. கொடுக்க வேண்டிய பங்கு. போருக்கு இந்த ஊர் எத்தனை ஆள் தர வேண்டும், இந்த வட்டாரம் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று அரசு கேட்டது. அந்தக் கணக்கே கோட்டா.

1795இல் பிரான்சோடு போர் நடந்தபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வில்லியம் பிட். கடற்படைக்கு ஆள் போதவில்லை. ஒவ்வொரு மாவட்டமும் துறைமுகமும் இத்தனை பேரை அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதற்குக் கோட்டாச் சட்டம் என்றே பெயர். தொகையை நிரப்ப நாடோடிகளையும் சிறுகுற்றவாளிகளையும் கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களையும் பல மாவட்டங்கள் அனுப்பின. ஏற்கெனவே கப்பலில் இருந்தவர்கள் இவர்களைக் 'கோட்டாக்காரர்கள்' என்று சொல்லி இளக்காரம் செய்தார்கள். நம் விடுதியில் கேட்ட அந்தக் குரலுக்கு இருநூறு ஆண்டு மூத்த குரல் அது.

அந்தக் கோட்டாக்காரர்களில் ஒருவர் ரிச்சர்ட் பார்க்கர். கடனுக்காகச் சிறையிலிருந்தவர்; கோட்டாவில் மீண்டும் கப்பலேறியவர். 1797இல் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் நோர் என்னும் இடத்தில் மாலுமிகள் சம்பளத்துக்காகவும் மனிதத்தனமான நடத்தைக்காகவும் கிளர்ந்தபோது, அவரைத்தான் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அவர் தூக்கிலிடப்பட்டார்.

நம் ஊருக்கும் இந்தக் கதை அந்நியமானதில்லை. சொல் இல்லாமலே நம் முன்னோரிடம் கோட்டா வாங்கப்பட்டது. கூலியில்லாமல் கட்டாயமாகப் பெற்ற உழைப்புக்குத் தமிழில் 'வெட்டி' என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளோடு வரியாக அந்தச் சொல் இருக்கிறது. இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள். வேலை செய்தவனுக்குப் பயனில்லை என்பது உண்மைதான். வாங்கிக்கொண்டவனுக்குப் பயன் இருந்தது. ஏரிக்கரை நின்றது, மடை திறந்தது, பிணம் எரிந்தது, செத்த மாடு அகன்றது.

திரும்பக் கிடைத்தது என்ன? அறுவடை முடிந்த களத்துமேட்டில் மேல்வாரம், குடிவாரம் என்று பெரிய பங்குகள் பிரிந்த பிறகு, ஊர்ப் பணி செய்தவர்களுக்குச் சில மரக்கால் நெல் அளந்தார்கள். அப்படி அளந்த நெல்லுக்கும் ஊர்ப் பங்குக்கும் பழைய வருவாய் ஆவணங்களில் 'சுதந்திரம்' என்றொரு பெயர் இருந்தது. பெயர் பெரியது, நெல் சிறியது.

'தலைமுறை தலைமுறையாக வாங்கித் தின்பவர்கள்' என்று நம்மைச் சொல்கிறவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். கோட்டாவின் முதல் பொருளில், கொடுக்க வேண்டிய பங்கை, கேட்டதற்கு மேலேயே கொடுத்து முடித்தவர்கள் நாம்.

சுவராக நின்ற கோட்டா

அடுத்த பொருள் இன்னும் கொடியது. இத்தனை பேருக்கு மேல் உள்ளே விடாதே என்பது அது. 1887இல் ஜாரின் ரஷ்யா பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யூத மாணவர்களுக்கு வரம்பு விதித்தது. யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட பகுதியில் 10 விழுக்காடு, அதற்கு வெளியே 5, தலைநகரங்களில் 3. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த லோவல், யூத மாணவர் எண்ணிக்கையை 15 விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று யோசனை சொன்னார். அவர்கள் தேர்வில் தோற்றதனால் வந்த யோசனையில்லை இது. நிறையப் பேர் தேறியதனால் வந்தது.

அமெரிக்கா குடியேற்றத்துக்கும் இதையே செய்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம், 1910 கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டிலும் பிறந்து அங்கே வாழ்ந்தவர்களின் தொகையில் 3 விழுக்காடு பேரைத்தான் ஆண்டுதோறும் அனுமதிப்போம் என்றது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2 விழுக்காடாகக் குறைத்தது; கணக்கெடுப்பையும் 1890க்குப் பின்னோக்கித் தள்ளியது. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருமளவில் வருவதற்கு முந்தைய கணக்கு அது. எந்த ஆண்டின் தொகையை எடுக்கிறோம் என்பதிலேயே யார் உள்ளே, யார் வெளியே என்பது முடிவாகிவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசும் நாம் மறக்கக் கூடாத பாடம் இது. அந்த முறை 1965 வரை நீடித்தது.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வோம். இத்தனைக்கு மேல் கூடாது என்பது கூரை. இத்தனைக்குக் குறையக் கூடாது என்பது தரை. இரண்டுக்கும் பெயர் கோட்டாதான். ஒன்று வலியவர் எளியவர் தலைமேல் போடுவது. மற்றொன்று எளியவர் காலூன்றக் கேட்பது.

பன்னிரண்டில் ஒன்று

தரையைக் கேட்ட வரலாற்றில் நம் சீனிவாசனாருக்கு முதல் வரிசையில் இடமுண்டு. 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். அந்தக் காலத்தில் காங்கிரஸ், ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று கேட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனிவாசனார் அதை எதிர்த்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட நம்மை ஏற்றாத நாட்டில், தேர்வை இங்கே நடத்தினால் யார் எழுதுவார்கள், யார் அதிகாரியாவார்கள் என்பதுதான் அவரது கேள்வி. தேசியத்துக்கு எதிரானவர் என்று அவரைச் சொன்னார்கள். அவர் கேட்டது 'எத்தனை பேர் நாங்கள் இருப்போம்' என்பதுதான்.

அந்தக் கேள்விக்குச் சென்னை மாகாணத்தில் எண்ணாகப் பதில் வந்தது நீதிக்கட்சிக் காலத்தின் முயற்சிகளுக்குப் பிறகு. 1921இல் முதல் வகுப்புவாரி ஆணை வந்தது. 1927இல் வெளியாகி, முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த ஆணை, பணியிடங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தது. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு இரண்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒன்று.

இலத்தீன் கேள்விக்கு அச்சு அசலான பதில் இது. எத்தனையாவது பங்கு? பன்னிரண்டாவது பங்கு. இந்தப் பட்டியலில் பார்ப்பனருக்கும் இரண்டு இடம் இருந்ததைக் கவனியுங்கள். எல்லோருக்கும் கோட்டா இருந்தது; நமக்கு மட்டும் இருந்ததில்லை. இருந்ததிலேயே சிறியது நம்முடையது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரும் சீனிவாசனாரும் போனார்கள். இருவரும் கையொப்பமிட்டுக் கொடுத்த அரசியல் பாதுகாப்புத் திட்டத்தில் சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் போதுமான பிரதிநிதித்துவம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் பட்டியலின் முதல் கோரிக்கை சம குடியுரிமை. குடிமகன் என்ற தகுதியின் தொடர்ச்சியாகத்தான் பங்கு பேசப்பட்டது.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு மாகாண சட்டமன்றங்களில் நமக்கு 71 இடங்களைத் தனித்தொகுதி முறையில் தந்தது. செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம் அதை 148ஆக உயர்த்தியது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண் இரட்டிப்புக்கு மேல் கூடியது. ஆனால் நம் உறுப்பினரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. எத்தனை என்பதோடு, தேர்ந்தெடுப்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற கசப்பான பாடத்தை அந்த ஒப்பந்தம் கற்றுத்தந்தது.

அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தபோது, 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டே மூன்றில் ஒரு விழுக்காடு ஒதுக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் பன்னிரண்டில் ஒன்றுதான். பிறகு அது பன்னிரண்டரையாகி, 1970இல் 15 ஆனது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4)ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் போதுமான பிரதிநிதித்துவம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு இடங்களை ஒதுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. வறுமையைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. பிரதிநிதித்துவத்தைப் பற்றித்தான் பேசுகிறது. வறுமைக்கு உதவித்தொகை போதும்; அதிகாரத்தில் ஆளில்லாத குறைக்கு ஆள் வேண்டும்.

ஒதுக்கியதும் ஒதுக்கீடும்

இதற்கு நாம் வைத்திருக்கும் தமிழ்ச்சொல்லையும் பார்த்துவிடுவோம். இடஒதுக்கீடு. 'ஒதுக்கு' என்ற வினைக்குத் தமிழில் இரண்டு முகம். பேத்திக்கென்று பலகாரத்தை ஒதுக்கி வைக்கிறாள் பாட்டி, அது அன்பு. ஊர்க்கட்டுப்பாட்டை மீறினான் என்று ஒரு குடும்பத்தை ஊரே ஒதுக்கி வைக்கிறது, அது தண்டனை. ஊரின் ஒதுக்குப்புறத்தில்தான் சேரி இருக்கிறது. நம்மை வெளியே வைத்த வினையும், நமக்கு உள்ளே இடம் தரும் வினையும் தமிழில் ஒன்றே.

இது தற்செயல்தான். ஆனாலும் நினைவில் வைக்கத் தக்கது. முதல் ஒதுக்குதல் நடந்திராவிட்டால் இரண்டாவது ஒதுக்கீடு தேவைப்பட்டிருக்காது. 'எப்போது ஒதுக்கீட்டை நிறுத்துவீர்கள்' என்று கேட்பவரிடம், 'எப்போது ஒதுக்குவதை நிறுத்துவீர்கள்' என்று கேட்கத் தமிழே நமக்கு வழி தருகிறது.

இன்னொரு சொல் பங்காளி. பங்குக்கு உரியவன் என்று பொருள். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குப் பங்கு தரும்போது யாரும் தம்பியின் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அவன் குடிகாரனாக இருந்தாலும் பங்கு பங்குதான். மகளுக்கு மட்டும் அந்தப் பெயர் இல்லாமலிருந்தது. தமிழ்நாட்டில் 1989இல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அப்போதும் 'சீர் செய்தோமே, அது போதாதா' என்றார்கள். சீர் என்பது கொடுப்பவர் மனம்போல் தருவது. பங்கு என்பது கேட்டு வாங்குவது. நாட்டில் நாம் பங்காளிகள். சீருக்குக் காத்து நிற்கும் விருந்தாளிகள் இல்லை.

தரையைக் கூரையாக்கும் தந்திரம்

நடைமுறைக்கு வருவோம். மாணவர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு.

பொதுப்பிரிவு என்பது முற்பட்ட சாதியாருக்கு ஒதுக்கப்பட்டதில்லை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு போக மீதமுள்ள 31 விழுக்காடு எல்லோருக்கும் திறந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் பொதுப்பிரிவுக்குரிய மதிப்பெண்ணைப் பெற்றால் அவரைப் பொதுப்பிரிவில்தான் நிரப்ப வேண்டும். நம் 18 விழுக்காட்டில் அவரைக் கழிக்கக் கூடாது. 1992இல் மண்டல் வழக்கிலும், 1995இல் சபர்வால் வழக்கிலும், 2020இல் சௌரவ் யாதவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. பொதுப்பிரிவு யாருடைய கோட்டாவும் இல்லை. இருந்தும் நன்றாகப் படித்த நம் பிள்ளையை நம் கணக்கிலேயே அடைத்துவிட்டு, 'உங்கள் இடங்கள் நிரம்பிவிட்டன' என்று சொல்வது பல நிறுவனங்களில் இன்னும் நடக்கிறது. தரை அங்கே சத்தமில்லாமல் கூரையாகிவிடுகிறது. தேர்வுப் பட்டியல் வெளியானவுடன் வகுப்புவாரியாக எண்ணிப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது எண். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, ஒதுக்கீடு 18. இந்திய அளவில் 16.6 விழுக்காடு, ஒதுக்கீடு 15. 'எத்தனை' என்ற கேள்விக்குக் கணக்கெடுப்பு சொல்லும் பதிலுக்கும் சட்டம் தரும் பதிலுக்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கிறது. கிறித்தவத்துக்குப் போன நம் உறவுகளை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். ஒரே தெருவில், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பட்டியல், தம்பி ஒரு பட்டியல். சேரி மட்டும் ஒன்றுதான்.

50 விழுக்காடு என்ற உச்சவரம்பைப் பற்றியும் ஒரு சொல். மண்டல் தீர்ப்பு அதை விதித்தது. 2019இல் 103ஆவது திருத்தம் முற்பட்ட வகுப்பில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 விழுக்காடு தந்தபோது அந்த வரம்பு தாண்டப்பட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. நமக்காகக் கேட்டால் உடையாத வரம்பு அவர்களுக்காக வளைந்தது. அந்த 10 விழுக்காட்டில் வந்தவர்களை விடுதியில் யாரும் "கோட்டாவா?" என்று குரல் தாழ்த்திக் கேட்பதாகத் தெரியவில்லை.

கேள்வி நம் பக்கம் திரும்பும்போது

இத்தனையும் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. 'எத்தனை' என்று மற்றவரைக் கேட்கிறவர், தம்மிடம் அது கேட்கப்படும்போது முகம் திருப்பக் கூடாது.

தமிழ்நாட்டில் 2009இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தரும் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதில் நமக்குள்ளேயே மாற்றுக் கருத்துகள் உண்டு. ஒற்றுமை குலையும் என்ற அச்சம் சிலருக்கு உண்மையாகவே இருக்கிறது. நாம் வைக்க விரும்புவது ஒன்றுதான். 'ஒற்றுமை குலையும்' என்ற அதே சொல்லைத்தானே அன்று சீனிவாசனாரிடமும் அம்பேத்கரிடமும் சொன்னார்கள்? அது அன்று நமக்கு நியாயமாகப் படவில்லை. மலத்தொட்டிக்குள் இறக்கப்படுகிறவரின் பிள்ளை, நம் அமைப்புகளைப் பார்த்து எத்தனை பேர் நாங்கள் இருக்கிறோம் என்று கேட்டால், இன்று மட்டும் அது எப்படி அநியாயமாகும்?

புதிரை வண்ணார் பிள்ளைகள் எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள்? நம் மேடைகளில் பெண்கள் எத்தனை பேர்? நம் இதழ்களில், நம் நிர்வாகக் குழுக்களில்? இன்றைய இந்த அரங்கிலேயே எண்ணிப் பார்க்கலாம். எண்ணத் தயங்கினால், ஏன் தயங்குகிறோம் என்பதையும் யோசிக்கலாம்.

எண்ணத் தொடங்குவோம்

2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவை, வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கணக்கெடுக்க முடிவு செய்தது. பட்டியல் சாதிகளும் பழங்குடிகளும் எப்போதும் எண்ணப்பட்டவர்கள்தான். விடுதலைக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சாதிவாரியாக எண்ணப்படாமல் இருந்தவர்கள் மற்றவர்கள். எண்ணப்படாதவர்களின் பங்கை யாரும் அளக்க முடியாது. அளக்க முடியாத பங்குதான் எப்போதும் பெரிய பங்கு. இனி அதுவும் எண்ணுக்குள் வர வேண்டும். 1924 அமெரிக்கச் சட்டத்தைப்போல எந்தக் கணக்கை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று விழித்திருக்க வேண்டியதும் நம் பொறுப்பு.

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு வேலையைக் கேட்டு முடிக்கிறோம். உங்கள் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். சுழற்சிப் பட்டியல் பின்பற்றப்பட்டதா, நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில் எத்தனை, விடுதி நிர்வாகத்தில் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த முறை யாராவது குரல் தாழ்த்தி "கோட்டாவா?" என்று கேட்டால், நீங்கள் குரல் தாழ்த்த வேண்டாம். "ஆமாம், என் பங்கில் வந்திருக்கிறேன். இங்கே மொத்தம் எத்தனை இடம், உங்களவர் எத்தனை பேர் இருக்கிறீர்கள், சேர்ந்து எண்ணுவோமா?" என்று கேளுங்கள். அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அந்தப் பொருள்தான் இருந்தது.